மணிக்கூட்டுக் கடைக்காரர் லூயி மார்ட்டின்: சிறுமலரின் தந்தை

குழந்தை இயேசுவின் புனித திரேசாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் எமது நாட்டில் இராது எனலாம். சிலுவையையும் ரோசா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அவரது சொரூபத்தை எத்தனையோ ஆலயங்களில் காண்கின்றோம். கிளிநொச்சியிலும் கொழும்பு திம்பிரிகஸ்யாயவிலும் அவர் பெயராலேயே ஆலயங்கள் உள்ளன. ஆனால் அவரைத் தமது மடியில் இருத்திப் பாட்டுப்பாடிய தந்தையைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகவும் குறைவே. 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் உரோமையில் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், பாப்பரசர் பிரான்சிஸ் அத்தந்தையையும் தாயையும் ஒருமிக்கப் புனிதர்களாக அறிவித்தார். ஒரு கணவனும் மனைவியும் தம்பதியராகச் சேர்ந்தே புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதல் தடவை. யூலை 12ஆம் திகதி அவர்களது திருநாள்.

புனிதர்களின் படங்களை வரைவோர் எல்லா முகங்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவது வழக்கம். லூயி மார்ட்டினுக்கும் அதுவே நேர்ந்தது. நரைத்த தாடி, தாழ்ந்த பார்வை, கையில் செபமாலை என்று அவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். அலென்சோன் என்னும் சிறு பட்டணத்தின் தெருக்களில் அவரை அன்றாடம் கண்டவர்களுக்குத் தெரிந்த மனிதரோ வேறு. தூண்டிலோடு ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவர், நீச்சலில் வல்லவர், ஆற்றில் மூழ்கியவர்களை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை குதித்துக் காப்பாற்றியவர், நண்பர்களோடு பில்லியட் ஆடுபவர், பிறரைப் போலக் குரல் மாற்றிப் பேசிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பவர், ஊர் சுற்றுவதில் தணியாத ஆசை கொண்டவர்.

அந்த ஊர் சுற்றும் ஆசைக்குப் பிறப்பிலேயே காரணம் இருந்தது. அவருடைய தந்தை பிரெஞ்சு இராணுவத்தில் அதிகாரி. 1823ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி போர்தோ நகரில் லூயி பிறந்தபோது தந்தை ஸ்பெயின் நாட்டுப் போர்க்களத்தில் இருந்தார். பிள்ளைப் பருவம் ஊருக்கு ஊர் மாறி, படைமுகாம்களின் முரசொலிக்கு நடுவே கழிந்தது. தந்தை ஓய்வு பெற்ற பின்னரே குடும்பம் நோர்மண்டிப் பிரதேசத்தின் அலென்சோனில் நிலைகொண்டது. இளைஞரானதும் லூயி மணிக்கூடு செய்யும் தொழிலைக் கற்றார். பொறுமையும் மௌனமும் வேண்டிய தொழில் அது. இரண்டும் அவருக்கு இயல்பாகவே பிடித்திருந்தன.

இருபத்திரண்டாம் வயதில், 1845இல், அவர் ஆல்ப்ஸ் மலையின் உச்சிக் கணவாயிலுள்ள பெரிய புனித பெர்னார்து மடத்தின் கதவைத் தட்டினார். பனியில் வழிதவறும் பயணிகளை நாய்களின் உதவியோடு தேடி மீட்பதில் புகழ்பெற்ற மடம் அது. செபமும் மலையும் சாகசமும் ஒருங்கே அமைந்த இடம். லூயியின் உள்ளத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மடத்தின் தலைவர் கேட்ட முதற் கேள்விக்கே அவரிடம் விடை இருக்கவில்லை. இலத்தீன் தெரியாது. படித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து ஆசிரியர் வைத்துப் படித்தார். பாடத்துக்குக் கொடுத்த பணம் அவருடைய கணக்குப் புத்தகத்தில் இன்றும் காணப்படுகின்றது. எனினும் அம்முயற்சி கைகூடவில்லை. குருமடத்தில் இலத்தீன் வினைச்சொற்களோடு போராடிய எம்போன்றோருக்கு அவர்மீது தனியான ஓர் அனுதாபம் உண்டு.

1850இல் அலென்சோனின் புதுப்பாலத் தெருவில் மணிக்கூட்டுக் கடையைத் திறந்தார். பின்னர் அதே இடத்தில் நகைக்கடையும் சேர்ந்தது. சுற்றுப்புறக் கிராமத்தவர் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே பட்டணத்துக்கு வருவார்கள். திருமணத்துக்கு மோதிரமோ சங்கிலியோ வாங்குவதானால் அன்றைக்கே வாங்குவார்கள். ஊரில் மற்றக் கடைகள் எல்லாம் திறந்திருக்க, லூயியின் கடை மட்டும் பூட்டியிருக்கும். பக்கக் கதவையாவது திறந்துவைக்கலாமே என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. இப்படியிருந்தும் அவர் நட்டப்பட்டுப் போகவில்லை. 1857இல் ஊரின் ஒதுக்குப்புறத்தில் தோட்டத்தோடு கூடிய அறுகோண வடிவான சிறு கோபுரம் ஒன்றை விலைக்கு வாங்கினார். தூண்டில்களை வைக்கவும், நூல்களை வாசிக்கவும், தனித்திருக்கவும் ஓர் இடம். தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்த மரியன்னையின் சொரூபம் ஒன்றை அத்தோட்டத்தில் நிறுவினார். 1883 மே 13ஆம் திகதி நோயுற்றுக் கிடந்த சிறுமி திரேசாளை நோக்கிப் புன்னகைத்ததாகச் சொல்லப்படுவது அதே சொரூபமே. பிடித்த மீன்களில் நல்ல பங்கு புனித கிளாரா சபைக் கன்னியரின் மடத்துக்குப் போய்விடும்.

முப்பத்துநான்கு வயதுவரை பிரமச்சாரியாக இருந்த மகனைப் பற்றித் தாய்க்குக் கவலை. எந்த நாட்டுத் தாய்க்குத்தான் இராது? ஆனால் பெண் பார்த்தது தாய் மட்டுமல்ல. 1858ஆம் ஆண்டு வசந்த காலத்தில் புனித லெயோனார்து பாலத்தின்மேல் எதிரே வந்த இளைஞரைக் கண்ட ஸெலி குரேன் என்னும் இருபத்தாறு வயதுப் பெண், இவரே தனக்கென ஆண்டவர் குறித்தவர் என்று உள்ளத்தில் உணர்ந்தாராம். அவரும் துறவறம் நாடிச் சென்று ஏற்கப்படாமல் திரும்பியவரே. புகழ்பெற்ற அலென்சோன் ரேந்தைத் தொழிலைச் சொந்தமாக நடத்திக்கொண்டிருந்தார். மூன்றே மாதங்களில், யூலை 12ஆம் திகதி கழிந்து 13ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவில், திருமணம் நடைபெற்றது.

ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு வயதை எட்டவில்லை. எலேன் என்ற சிறுமி ஐந்து வயதில் மறைந்தாள். எஞ்சியவர்கள் மரி, பவுலின், லியோனி, செலின், எல்லாருக்கும் இளையவளாக 1873 ஜனவரி 2ஆம் திகதி பிறந்த திரேசாள். ஸெலியின் கடிதங்கள் இருநூறுக்கு மேல் எமக்குக் கிடைத்துள்ளன. பிள்ளைகளைப் புதைத்த துயரும் கணவரைப் பற்றிய பெருமிதமும் அவற்றில் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. லூயி அதிகம் எழுதியவர் அல்லர். 1863இல் பாரிஸ் நகரிலிருந்து மனைவிக்கு எழுதிய சிறு கடிதம் ஒன்றில் தம்மைக் கணவர் என்று மட்டுமன்றி உண்மை நண்பர் என்றும் குறிப்பிட்டு முடிக்கின்றார். திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் சொல்லிக்கொடுக்க முயல்வதை அவர் ஒரு கையொப்பத்துக்குள் வைத்துவிட்டார்.

1870இல் அவர் செய்தது எமது கவனத்துக்குரியது. ஸெலியின் ரேந்தைத் தொழில் பெருகி, ஒருவரால் தாங்க முடியாத நிலை வந்தது. லூயி இருபது ஆண்டு காலம் கட்டியெழுப்பிய தமது கடையை மருமகன் முறையான ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மனைவியின் தொழிலுக்குக் கணக்கெழுதவும் பாரிஸ் சென்று கட்டளைகள் பெற்றுவரவும் தொடங்கினார். மனைவியின் தொழிலுக்காகத் தன் தொழிலை விடும் கணவரை இன்றைக்கும் எமது ஊர்களில் எப்படிப் பார்ப்பார்கள், எப்படிப் பேசுவார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நோர்மண்டியின் பேச்சும் பெரிதாக வேறுபட்டிருக்காது.

1877 ஓகஸ்ட் 28ஆம் திகதி ஸெலி மார்பகப் புற்றுநோயால் மறைந்தார். வயது 45. ஐந்து பெண் பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்ட லூயி, அவர்களுக்குத் தாய்மாமனின் குடும்பத்து அரவணைப்பு வேண்டுமென்று கருதி, லிசியே பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார். ஐம்பத்துநான்கு வயதில் தமது நண்பர்களையும், ஆற்றையும், கோபுரத் தோட்டத்தையும் விட்டுப்போவது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அதைப் பற்றி அவர் முறையிட்டதாக எவரும் எழுதிவைக்கவில்லை.

லிசியேயின் 'புய்சொனே' இல்லத்து மாலைப்பொழுதுகளைத் திரேசாள் தமது வரலாற்றில் அழகாக வரைந்திருக்கின்றார். இரவு உணவின் பின் தாம் பலகை விரிக்கப்படும். ஆட்டம் முடிந்ததும் மூத்த சகோதரியர் திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூலிலிருந்து சில பக்கங்கள் வாசிப்பார்கள். பிறகு தந்தை திரேசாளை மடியில் இருத்தி, இனிய குரலில் பாடுவார், கவிதைகள் சொல்வார், தம் கைப்படச் சின்னஞ்சிறு விளையாட்டுப் பொருட்கள் செய்து கொடுப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செல்லப் பெயர். மரி அவருடைய வைரம்; பவுலின் நன்முத்து; செலின் துணிச்சற்காரி; பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு எல்லாருக்கும் தலைவலியாக இருந்த லியோனி, நல்ல பிள்ளை லியோனி. திரேசாளோ பிரான்ஸ் தேசத்தினதும் நவார் தேசத்தினதும் இராணி! அவளுக்கு அவர் 'அரசர்'. ஞாயிறு மறையுரையின்போது திரேசாள் குருவானவரைப் பார்த்ததைவிடத் தந்தையின் முகத்தைப் பார்த்ததே அதிகம் என்று அவரே எழுதுகின்றார். மறையுரை ஆற்றுவோராகிய நாம் இதை மனத்தாழ்மையோடு ஏற்றுக்கொள்வதே நல்லது.

தெருவிலும் அவர் அப்படியே. ஒருநாள் புகையிரத நிலையத்தில் வலிப்பு நோயாளி ஒருவர் ஊர்போகப் பணமின்றி நின்றார். நன்றாக உடுத்திய கனவானாகிய லூயி தமது தொப்பியைக் கழற்றி, முதலில் தமது நாணயத்தை அதில் இட்டு, பின்பு பயணிகள் ஒவ்வொருவரிடமும் அதை நீட்டிப் பிச்சை கேட்டுப் பயணச்சீட்டுக்குப் பணம் சேர்த்தார். குடித்துவிட்டு வீதியில் விழுந்துகிடந்த தொழிலாளி ஒருவரைத் தூக்கி நிறுத்தி, அவரது கருவிப் பெட்டியை ஒரு கையிலும் அவரை மறுகையிலும் பிடித்து வீட்டுக்குக் கூட்டிச் சென்றார். அறுபத்திரண்டாம் வயதில், 1885இல், ஒரு குருவானவரோடு சேர்ந்து மியூனிக், வியன்னா வழியாகக் கொன்ஸ்தாந்திநோப்பிள்வரை பயணம் போய்வந்தார்.

குறையே இல்லாத மனிதர் என்று எண்ணவேண்டாம். 1886 கிறிஸ்து பிறப்புத் திருப்பலி முடிந்து வீடு வந்த இரவில், அடுப்பங்கரையில் சப்பாத்துக்குள் பரிசு தேடும் வழக்கத்தைப் பதின்மூன்று வயதுத் திரேசாள் இன்னும் விடவில்லையே என்று சலித்து, நல்லவேளை இதுவே கடைசி ஆண்டு என்று கூறிவிட்டார். படியேறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்தது. களைத்த தந்தையின் வாயிலிருந்து வந்த அச்சொல்லையே தமது முழு மனமாற்றத்தின் தொடக்கமாகத் திரேசாள் பின்னர் கண்டார். அடுத்த ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, தோட்டத்தில், தாம் கார்மேல் மடத்துக்குப் போக விரும்புவதை மகள் சொன்னபோது, மூத்த இருவரையும் ஏற்கெனவே அதே மடத்துக்குக் கொடுத்திருந்த தந்தை அழுதார். பின் மதிலோரத்தில் பூத்திருந்த சிறு வெண்மலர் ஒன்றை வேரோடு பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த மலரோடு நின்றுவிடுகின்றன. எமது முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களும் அப்படித்தானே! பிறப்பு, கல்வி, உத்தியோகம், பிள்ளைகளின் பட்டங்கள் எல்லாம் இருக்கும். இறுதி ஐந்து ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்டால் எவரும் வாய் திறப்பதில்லை. லூயி மார்ட்டினின் இறுதி ஆண்டுகளை விட்டுவிட்டால் அவரைப் பாதியாகவே அறிந்தவர்களாவோம்.

1887 மே மாதத்திலேயே முதற் பாரிசவாதம் வந்திருந்தது. தேறியெழுந்து அதே ஆண்டு நவம்பரில் செலினையும் திரேசாளையும் உரோமைக்கு அழைத்துச் சென்றார். 1888 ஏப்ரல் 9ஆம் திகதி திரேசாள் மடத்தினுள் சென்றார். யூன் 23ஆம் திகதி லூயியைக் காணவில்லை. நான்கு நாட்களின் பின் லு ஹாவ்ர் துறைமுக நகரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். தனிமையில் போய் ஆண்டவரை நேசிக்க வேண்டுமென்ற எண்ணம் குழம்பிய மனத்தில் எழுந்திருந்தது. மறதி கூடியது, பேச்சுத் தடுமாறியது. 1889 ஜனவரி 10ஆம் திகதி திரேசாளின் உடுப்புத் திருச்சடங்கின்போது நன்றாக இருந்தார். வெண்ணிற வெல்வெட் உடுத்த மகளுக்குக் கைகொடுத்து ஆலயத்தினுள் நடத்திச் சென்றார். வெளியே பனி பெய்திருந்தது. அதன்பின் ஒரு மாதத்தில் போர் முழக்கம் கேட்பதாகவும் பீரங்கிகள் வெடிப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. பிள்ளைகளைப் பாதுகாக்கவென்று கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். படைமுகாமில் வளர்ந்த பிள்ளையின் பழைய முரசொலிகளோ அவை! பெப்ரவரி 12ஆம் திகதி, கான் நகரில் கன்னியர்கள் நடத்திய மனநோய் வைத்தியசாலையில் அவரைச் சேர்த்தார்கள்.

'அங்கொடை' என்ற ஊரின் பெயரையே நாம் எப்படி ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கின்றோம் என்பதை நினைத்தால், அச்செய்தி லிசியே போன்ற சிறு பட்டணத்தில் எவ்விதம் பரவியிருக்கும் என்று ஊகிக்கலாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனதாலேயே தந்தைக்குப் பித்துப் பிடித்தது என்றார்கள். கடைசி மகள் பதினைந்து வயதில் போனதே அவரை உடைத்தது என்றார்கள். இப்பேச்சு மடத்தின் சுவர்களுக்குள்ளும் வந்து திரேசாளின் காதில் விழுந்தது. மனநோய்க்குக் காரணம் யாராவது ஒருவராக இருக்க வேண்டும் என்று தேடும் வழக்கம் எமக்கும் புதிதல்ல. மூளையின் இரத்தக் குழாய்களில் ஏற்பட்ட நோயே அவரை வீழ்த்தியது என்பது இன்றைய மருத்துவம் அறிந்த எவருக்கும் எளிதில் விளங்கும். செய்வினை என்றும், பாவத்தின் சம்பளம் என்றும், பிள்ளை கலியாணம் கட்டியதால் வந்தது என்றும் சொல்லிக்கொண்டு எம்மிடம் வருவோர் இன்னும் உளர்.

செலினும் லியோனியும் தந்தைக்கு அருகில் இருக்கவென்று கான் நகரில் வாடகைக்குத் தங்கினார்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்க அனுமதி. தெளிவு வந்த நாட்களில் அவர் சிற்றாலயத்துக்குச் சென்று நற்கருணை வாங்குவார். தமக்குக் கொண்டுவரும் தின்பண்டங்களை மற்ற நோயாளிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பார். தம் வாழ்நாளில் மதிப்பைத் தவிர வேறெதையும் கண்டதில்லை என்றும், ஒரு தாழ்வு தமக்குத் தேவையாக இருந்தது என்றும் மருத்துவர் ஒருவரிடம் கூறியிருக்கின்றார். 1889 யூனில் சொத்துக்களை நிர்வகிக்கும் உரிமையைக் கைவிடும் பத்திரத்தில் கையொப்பமிடச் செய்தபோது, பிள்ளைகளே தம்மை நம்பவில்லையே என்று தேம்பியழுதார். அறிவு முழுவதும் மங்கியிருந்தால் அந்தக் கண்ணீர் வந்திராது. முதியோரின் கையைப் பிடித்து உறுதிப் பத்திரங்களில் கையொப்பம் வாங்கும்போது அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று எண்ணிக்கொள்கின்றோமே, அவ்வேளைகளில் இக்கண்ணீரை நினைப்பது நல்லது. தந்தையின் அறிவு தளர்ந்துபோனாலும் அவரைப் பொறுத்துக்கொள்ளும்படி சீராக் ஞான நூலின் மூன்றாம் அதிகாரம் கேட்கின்றது. நான்காம் கட்டளையை விளக்கும்போது இப்பகுதியை நாம் போதியளவு எடுத்துரைப்பதில்லை என்பது என் எண்ணம்.

திரேசாள் என்ன செய்தார்? மடத்தின் கம்பிக் கதவுக்கு அப்பால் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. 1890 செப்டெம்பர் 24ஆம் திகதி முக்காடு பெறும் திருச்சடங்கில் தந்தை இல்லாமற்போனதற்காக அழுதார். குழந்தைப் பருவத்தில் ஒருநாள் தந்தை வெளியூரில் இருந்தபோது, அவரைப் போன்று உடுத்த, கூன் விழுந்த ஒரு மனிதர் முகத்தை மூடிக்கொண்டு தோட்டத்தில் நடந்துபோகக் கண்டு அவர் அலறியதுண்டு. அக்காட்சியின் பொருள் இப்போதுதான் விளங்கியது. பாடுகளின்போது காறி உமிழப்பட்டுத் துணியால் மூடப்பட்ட ஆண்டவரின் திருமுகத்தைத் தந்தையின் முகத்தில் கண்டார். குழந்தை இயேசுவின் பெயரோடு திருமுகத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்ட அவருடைய துறவறப் பெயரை நாம் பாதியாகச் சுருக்கிவிட்டோம். தந்தையின் அந்த மூன்று ஆண்டுகளை எந்தப் பேரின்பக் காட்சிக்கும் ஈடாகக் கொடுக்கமாட்டோம் என்று 1895இல் அவர் எழுதினார். வெட்கப்பட்டு மறைத்த குடும்பத்தின் எழுத்தல்ல அது.

1892 மே 10ஆம் திகதி, கால்கள் முடங்கிவிட்டதால் இனி ஓடிப்போகமாட்டார் என்ற நிலையில், லூயியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாட்களின் பின் கார்மேல் மடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். மூன்று மகள்மாரையும் பார்த்து, விடைபெறும்போது விரலை மேலே உயர்த்தி, வான்வீட்டில் சந்திப்போம் என்ற பொருளில் இரு சொற்கள் மட்டும் சொன்னார். பிறகு இரண்டு ஆண்டுகள் செலினே அவரைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். தாமும் கார்மேல் போகும் ஆவலை அதுவரை ஒத்திவைத்தார். 1894 யூலை 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மைத்துனரின் லா மியூஸ் மாளிகையில், லூயி மார்ட்டின் இறந்தார். வயது எழுபது. ஆறு வாரங்கள் கழித்துச் செலின் மடத்தில் சேர்ந்தார்.

அந்த இறுதி ஆண்டுகளில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று உள்ளது. மரங்களின் நிழலில் சக்கர நாற்காலியில் மெலிந்து சாய்ந்த கிழவர். அவரைச் சுற்றிப் பிள்ளைகளும் உறவினரும் ஊழியர்களும். அக்குடும்பம் அதைக் கிழித்தெறியவில்லை. அவருடைய இளமைப் படங்களோடு சேர்த்தே பாதுகாத்து வைத்தது.